மல்யுத்தத்துக்கு ஒரு ‘6 பாலில் 12 ரன்’ வேணும் பாஸ்!

டபிள்யு.டபிள்யு.இ. டிரம்ப் கார்டு பிடிக்காத கை நம்ம ஊர்ல உண்டா? ‘ஹைட் எவ்வளவு, வெயிட் எவ்வளவு, ரேங்க் எத்தனை’ன்னு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கூவி, கார்டோடு மாட்டின பரம்பரை நாம! அந்தக் கட்டில் யாரும் விட்டுத்தர மனசில்லாமப் பொத்திப் பொத்தி வெச்சுக்கிட்ட ரெண்டு கார்டு... ப்ராக் லெஸ்னர், கர்ட் ஆங்கிள். சரிதானே?

இப்போ கார்டில் அச்சடிக்காத ஒரு மேட்டர் சொல்றேன். ரெண்டு பேருமே நிஜ மல்யுத்த வீரர்கள். லெஸ்னர், மின்னசோட்டா பல்கலைக்கழகத்துக்காக விளையாடி 2000-ல் அமெரிக்கக் கல்லூரிகளின் ஹெவிவெயிட் சாம்பியன் ஆனவர். ஆங்கிள் அதே பட்டத்தை க்ளாரியன் பல்கலைக்கழகத்துக்காக 1990, 1992-னு ரெண்டு தடவை ஜெயிச்சவர். அப்புறம் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸில் தங்கமும் வாங்கினார். ஆனா, ‘ஆக்டிங்’ மல்யுத்தத்தில் அவங்களைப் பார்த்த கோடிக்கணக்கான பேர்ல, நிஜ மல்யுத்தத்தில் பார்த்தவங்க ரொம்பக் கொஞ்சம். ஏன் அப்படி? அதை மாத்த முடியுமா? இந்த வார டாபிக் இதுதான்.

அரங்கு ஹவுஸ்ஃபுல்... டி.வி. காத்தாடுது!

அமெரிக்காவில் காலேஜ் மல்யுத்தம்னா, பி.டி. சாரும் நாலு வாட்டர் பாட்டிலும் மட்டும் ஆஜராகுற நம்ம இன்டர் காலேஜ் மீட் மாதிரி இல்லை. என்.சி.ஏ.ஏ. சாம்பியன்ஷிப் 1928-ல் அயோவா மாநிலத்தின் ஏம்ஸ் நகரில் ஆரம்பிச்சது. இப்போ முதல் டிவிஷனில் 10 எடைப் பிரிவு, ஒவ்வொண்ணிலும் 33 பேர், ஆக 330 பேர் மூணு நாள் மோதுறாங்க. ஆறு செஷனையும் சேர்த்தா ஒரு லட்சத்துக்கு மேல் தலைகள் எண்ணின வருஷங்கள் உண்டு. 2015 நவம்பரில் அயோவா - ஓக்லஹோமா ஸ்டேட் மேட்ச்சை ஃபுட்பால் ஸ்டேடியத்துக்கு நடுவுல மேட் விரிச்சு நடத்தினாங்க. திறந்த வெளியில் உட்கார்ந்து பார்த்தவங்க எண்ணிக்கை 42,287!

அப்போ என்ன பிரச்னை? டிக்கெட் வாங்கி வர்றவர் ஏற்கெனவே அந்த ஆட்டத்தின் பக்தர். அவருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டாம். டி.வி. முன்னாடி ரிமோட்டோடு உட்கார்ந்திருக்கிறவர் அப்படி இல்லை. ரெண்டு பேர் கட்டிப் புரண்டுக்கிட்டு இருக்காங்க, ஒருத்தர் மேலே, ஒருத்தர் கீழே, ரெஃப்ரி திடீர்னு ரெண்டு விரலைக் காட்டுறார்... எதுக்கு? தெரியலை. அடுத்த சேனல்!

டி.வி. வரலேன்னா டீமே காலி

‘பார்க்காட்டி போகட்டும், விளையாடுறவன் விளையாடிட்டுப் போறான்’னு நினைக்கிறீங்களா? அங்கே கதையே வேற. அமெரிக்கக் காலேஜ்ல ஃபுட்பாலும் பாஸ்கெட்பாலும்தான் கல்லாப் பெட்டி. அந்தப் பணத்தின் பெரும் பகுதி டி.வி. உரிமையில் வருது. மத்த ஆட்டமெல்லாம் அண்ணன் சம்பாத்தியத்தில் சாப்பிடுற தம்பிகள். கையிருப்பு குறைஞ்சா முதல்ல தட்டைப் பிடுங்குறது தம்பிகிட்டதான். 1980-களின் தொடக்கத்தில் முதல் டிவிஷனில் 140-க்கு மேல் மல்யுத்த அணிகள் இருந்துச்சு. இப்போ 80-க்குப் பக்கம்தான்.

ஒரு சாம்பிள். 2020 ஜூலையில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 11 விளையாட்டுகளை மூடப்போறதா அறிவிச்சது. அதில் மல்யுத்தமும் ஒண்ணு. 2021 மார்ச், செயின்ட் லூயிஸ் நகரில் சாம்பியன்ஷிப். 165 பவுண்டு பிரிவில் ஷேன் கிரிஃபித்னு ஒரு ஸ்டான்ஃபோர்ட் பையன், காலேஜ் பேரே இல்லாத கறுப்பு உடையில் மேட்டில் இறங்கினான். ‘என்னை வேண்டாம்னு சொன்ன காலேஜ் பேரை நான் ஏன் சுமக்கணும்?’னு வாய் திறக்காமலேயே கேட்ட மாதிரி! இறங்கினவன் சாம்பியனாவும் ஆனான். தேசிய டி.வி.யில் அந்தக் கறுப்பு உடையைப் பார்த்தவங்களுக்கு ரூல்ஸ் புரியணும்னு அவசியமே இல்லை, விஷயம் புரிஞ்சிருக்கும். மே மாசம் ஸ்டான்ஃபோர்ட் முடிவை வாபஸ் வாங்கிச்சு. பழைய மாணவர்கள் திரட்டின நிதி, கோர்ட் வழக்குன்னு பல காரணம் அதுக்கு இருக்கு. கேமராவே காப்பாத்திடுச்சுன்னு சொன்னா ஓவர். ஆனா, கேமரா இல்லாத ஒரு ஜிம்முக்குள்ள அந்தக் கறுப்பு உடை யார் கண்ணில் பட்டிருக்கும்?

இந்த ஆபத்து இப்போ இன்னும் பெருசு. 2025 ஜூனில் ஒரு உடன்பாட்டுக்கு நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்துச்சு. அதன்படி காலேஜ்களே வீரர்களுக்கு நேரடியா பணம் கொடுக்கலாம். முதல் வருஷ உச்சவரம்பு, ஒரு காலேஜுக்கு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். அது பெரும்பாலும் எந்த ஆட்டங்களுக்குப் போகும்னு உங்களுக்கே தெரியும். ‘எங்களையும் ஜனங்க பார்க்கிறாங்க’ன்னு காட்ட முடியாத ஆட்டத்துக்கு இனிமே சோறு கஷ்டம்தான்.

என்ன தேவை... அதான் மேட்டர்!

என் ஐடியா ரொம்ப சிம்பிள். கிரிக்கெட் தெரியாத பாட்டிகூட கடைசி ஓவரில் டி.வி. பக்கம் வந்து நிக்கிறாங்களே, ஏன்? லெக் பிஃபோர்னா என்னன்னு அவங்களுக்குத் தெரியுமா? ம்ஹூம்! ஸ்க்ரீன்ல ‘6 பாலில் 12 ரன் தேவை’ன்னு ஒரே ஒரு வரி ஓடுது. அது போதும். யாருக்கு என்ன தேவை, எவ்வளவு நேரத்துக்குள்ள தேவைன்னு தெரிஞ்சுட்டா பதற்றம் தானா வந்துடும்.

காலேஜ் மல்யுத்தத்தில் அந்த ஒரு வரி இல்லை. இதுதான் அதோட நோய். லைட்டு, புகை, பாட்டு எல்லாம் அப்புறம்!

இதை மல்யுத்தத்துக்கே சினிமா செஞ்சு காட்டியாச்சு. 2016-ல் வந்த ‘தங்கல்’ படம் (தமிழில் ‘யுத்தம்’னு வந்துச்சே, அதேதான்) ஞாபகம் இருக்கா? எந்தப் பிடிக்கு எத்தனை பாயின்ட்னு அப்பா பொண்ணுக்குச் சொல்லித் தர்ற மாதிரி, நமக்கும் சேர்த்துப் பாடம் நடத்திடுவாங்க. அஞ்சு பாயின்ட் எடுக்கிறது எவ்வளவு கஷ்டம்னு அங்கேயே நம்ம மண்டையில் ஏத்திடுவாங்க. அப்புறம் க்ளைமாக்ஸில் கடைசி சில செகண்டில் அதே அஞ்சு பாயின்ட்தான் தேவை! தியேட்டரே ஸீட் நுனிக்கு வந்துச்சு. நிஜத்தில் கீதா போகட் 2010 காமன்வெல்த் ஃபைனலை இவ்வளவு இழுபறி இல்லாம ஈஸியாத்தான் ஜெயிச்சார். டைரக்டர் உள்ளே நுழைச்சது ஒரு ‘6 பாலில் 12 ரன்’. அவ்வளவுதான்.

முப்பது செகண்டில் ரூல்ஸ்

ஒலிம்பிக்ஸில் நாம பார்க்கிறது ஃப்ரீஸ்டைல், கிரேக்கோ ரோமன். அமெரிக்கக் காலேஜ்ல ஆடுறது ‘ஃபோக்ஸ்டைல்’. இதில் தூக்கிப் போடுறதைவிட எதிராளியைக் கட்டுப்பாட்டில் வெச்சிருக்கிறதுதான் பெருசு. மொத்தம் 7 நிமிஷம். முதல் பீரியட் 3 நிமிஷம், அடுத்த ரெண்டும் தலா 2 நிமிஷம்.

நின்னுக்கிட்டு இருக்கிறவரைக் கீழே கொண்டுவந்து கட்டுப்பாட்டில் எடுத்தா அது ‘டேக் டவுன்’, 3 பாயின்ட். கீழே இருக்கிறவர் தப்பிச்சு எழுந்தா 1. கீழே இருந்தவரே புரட்டி மேலே வந்துட்டா 2. முதுகை மேட் பக்கம் சாய்ச்சுப் பிடிச்சா, பிடிச்ச நேரத்தைப் பொறுத்து 2, 3, 4. ரெண்டு தோளையும் மேட்டில் அமுக்கிட்டா ‘பின்’, ஆட்டம் அங்கேயே க்ளோஸ்! 15 பாயின்ட் வித்தியாசம் வந்தாலும் க்ளோஸ்.

அவ்வளவுதான். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பேப்பரைவிட ஈஸி! ஒரே ஒரு குழப்பம், ‘ரைடிங் டைம்’. எதிராளியைவிட ஒரு நிமிஷமாவது கூடுதலா மேலே இருந்து கட்டுப்படுத்தினவருக்கு ஆட்ட முடிவில் 1 பாயின்ட் போனஸ். ஸோ, ஸ்க்ரீன்ல 4-4-னு இருக்கும். நிஜத்தில் ஒருத்தர் ஏற்கெனவே ஜெயிச்ச மாதிரி. புதுசா பார்க்கிறவன் ‘டை போல’ன்னு நினைச்சுக்கிட்டு இருப்பான். ரெஃப்ரி ஒருத்தர் கையைத் தூக்கிடுவார். அவன் கடுப்பாகி ரிமோட்டைத் தூக்கிடுவான்.

இதுக்கு மருந்து ஒரு வரி கிராஃபிக்ஸ். ஸ்கோருக்குக் கீழே ‘கறுப்பு உடைக்குத் தேவை: ஒரு டேக் டவுன், 40 செகண்ட்’. ரைடிங் டைம் பாயின்ட் உறுதியாயிட்டா உடனே அதையும் கணக்கில் சேர்த்துக் காட்டிடணும். கம்ப்யூட்டருக்கு இது ஒரு பெரிய வேலையா? செகண்ட் இயர் பசங்க லேப்ல ‘இஃப் - எல்ஸ்’ போட்டு முடிக்கிற வேலை பாஸ்!

ரூல் புரியலேன்னா என்ன ஆகும்? 2013-ல் ஒலிம்பிக் கமிட்டியின் செயற்குழு ‘2020 ஒலிம்பிக்ஸில் இருந்து மல்யுத்தத்தைத் தூக்கிடலாம்’னு பரிந்துரை செஞ்சது. கிரேக்கர் காலத்து ஆட்டத்துக்கே அந்த கதி! அப்போ இருந்த முறையில் மூணு ரவுண்டு, ஒவ்வொண்ணும் தனித்தனிக் கணக்கு. மொத்தத்தில் அதிக பாயின்ட் எடுத்தவரே தோத்துப் போகலாம். டை ஆனா பையில் கையை விட்டு பந்து எடுத்து யாருக்குச் சாதகம்னு முடிவு செய்வாங்க. கிட்டத்தட்ட குலுக்கல்! பதறிப்போன சர்வதேச சம்மேளனம் சில மாசத்துக்குள்ள எல்லாத்தையும் மாத்திச்சு. 3 நிமிஷத்தில் ரெண்டு ரவுண்டு, பாயின்ட் எல்லாம் ஒரே கூட்டல், பந்து எடுக்கிற வேலையே கிடையாது. அதே செப்டம்பரில் ஓட்டெடுப்பில் ஜெயிச்சு மல்யுத்தம் ஒலிம்பிக்ஸில் தங்கிடுச்சு. புரியுற ஆட்டம்தான் பொழைக்கும். இதைவிடப் பெரிய ஆதாரம் வேணுமா?

ஒண்டிக்கு ஒண்டி இல்லை... ஊருக்கு ஊர்!

அடுத்த மாத்தம். சாம்பியன்ஷிப் முதல் நாளில் ஒரே நேரத்தில் எட்டு மேட்டில் எட்டு சண்டை. கேமரா எங்கே போகும்? நம்ம கண் எங்கே போகும்? எட்டு கல்யாண வீட்டில் ஒரே நேரத்தில் பந்திக்கு உட்கார்ந்த கதை! டீம் பட்டத்திலும் சஸ்பென்ஸ் கம்மி. 2011-லிருந்து 2025 வரை நடந்த 14 சாம்பியன்ஷிப்பில் 12 தடவை பென் ஸ்டேட்தான் ஜெயிச்சிருக்கு. (2020-ல் கோவிட்டால் போட்டியே நடக்கலை.)

ஆனா, டி.வி.க்குன்னே செஞ்ச மாதிரி ஒரு வடிவம் இவங்க கையிலேயே இருக்கு. ‘டூயல் மீட்’. ரெண்டு காலேஜ், ஒரே மேட், 10 எடைப் பிரிவுக்குப் பத்து சண்டை. சாதா வெற்றிக்கு டீமுக்கு 3 பாயின்ட். 8 பாயின்ட் வித்தியாசத்தில் ஜெயிச்சா 4, 15 வித்தியாசம்னா 5, பின் பண்ணினா 6. ஒன்பது சண்டை முடிஞ்சு நம்ம டீம் 15-20-னு பின்னாடி இருக்குன்னு வைங்க. கடைசி ஆள் சும்மா ஜெயிச்சா பத்தாது. பின் பண்ணியே ஆகணும்! வந்துச்சா ‘6 பாலில் 12 ரன்’? 2015-ல் ஃபுட்பால் ஸ்டேடியம் நிறைஞ்ச அந்த மேட்ச்கூட டூயல்தான். முடிவு என்ன தெரியுமா? அயோவா 18, ஓக்லஹோமா ஸ்டேட் 16. ரெண்டே பாயின்ட்!

அந்த மேட்ச்ல இன்னொரு மூளையும் இருக்கு. அதே நாள் ராத்திரி அதே ஸ்டேடியத்தில் அயோவாவின் ஃபுட்பால் மேட்ச். எப்படியும் ஊருக்குள்ள கூட்டம் வரும். அதைக் காலையிலேயே இழுத்துட்டாங்க. இதுக்கு நேர் எதிரா, சாம்பியன்ஷிப்பை மார்ச் மூணாவது வாரத்தில் வைக்கிறாங்க. அதே வாரக் கடைசியில்தான் நாடே பைத்தியமா பார்க்கிற காலேஜ் பாஸ்கெட்பால் நாக்-அவுட் ஆரம்பிக்குது. தீபாவளி அன்னைக்கு சூப்பர் ஸ்டார் படத்துக்கு எதிரா புதுமுகத்தை ரிலீஸ் பண்ணிட்டு, ‘கூட்டமே வரலையே’ன்னு அழுதா எப்படி? சீஸனை ஜனவரியில் ஆரம்பிச்சு ஏப்ரலில் முடிக்கலாம்னு பயிற்சியாளர்கள் மத்தியில் பல வருஷமா பேச்சு நடக்குது. பேசினது போதும், நகர்த்துங்க சார்!

கபடி காட்டின வழி

‘பழைய ஆட்டம், மண் ஆட்டம், டி.வி.க்குச் செட் ஆகாது’ன்னு சொல்றவங்களுக்கு நம்ம ஊர் பதில், கபடி. 2014-ல் ப்ரோ கபடி லீக் வந்தப்போ எத்தனை பேர் சிரிச்சாங்க! முதல் சீஸனை சுமார் 43 கோடிப் பேர் பார்த்ததா கணக்கு வந்தப்போ சிரிப்பு நின்னுச்சு. மேட்டும் ஸ்பாட்லைட்டும் மட்டும் காரணம் இல்லை. ரெய்டுக்கு 30 செகண்ட் கடிகாரம். ரெண்டு ரெய்டு சும்மா போனா மூணாவது ‘டூ ஆர் டை’. பாயின்ட் எடு, இல்லேன்னா வெளியே போ! கபடி தெரியாதவனுக்கும் அந்த செகண்டில் என்ன தேவைன்னு புரிஞ்சுது. பாட்டி சமாச்சாரம் இங்கேயும் வேலை செஞ்சுது.

காலேஜ் மல்யுத்தமும் இந்தப் பக்கம் ஒரு அடி வெச்சிருக்கு. அதுவரைக்கும் 2 பாயின்ட்டா இருந்த டேக் டவுனை 2023-24 சீஸனில் 3 ஆக்கினாங்க. தப்பிக்கிறதுக்கு 1, டேக் டவுனுக்கு 2-ன்னா வித்தியாசம் சின்னது. எதுக்கு ரிஸ்க் எடுக்கணும்னு ஒட்டிக்கிட்டே நிப்பாங்க. 3-ன்னா தாக்கி ஆடுறது லாபம். ‘பலமான ஆள் சீக்கிரமே எட்டாத தூரம் போயிடுறான்’னு பழைய ரசிகர்கள் முணுமுணுக்கிறாங்க. அதிலும் நியாயம் இருக்கு. ஆனா, பின்தங்கின ஆளுக்கு ஒரே தாக்குதலில் திரும்பி வர வழி கிடைக்குதே!

முகத்தைக் காட்டுங்க ப்ளீஸ்

ரியோ 2016-ல் சாக்‌ஷி மாலிக் வெண்கலம் வாங்கின அந்த மேட்ச்சை நினைச்சுப் பாருங்க. 0-5-னு பின்னாடி இருந்து 8-5-னு ஜெயிச்சார். ரூல்ஸ் தெரிஞ்சா நாம கத்தினோம்? ‘நம்ம பொண்ணு’ன்னு கத்தினோம். ஆள் தெரிஞ்சாத்தான் பதற்றம் வரும்.

2023 அரையிறுதி. மூணு தடவை சாம்பியனான அயோவாவின் ஸ்பென்சர் லீ, நாலாவது பட்டத்துக்கு ரெண்டே அடி தூரத்தில், கடைசி செகண்டில் பர்டியூ வீரர் மேட் ராமோஸ்கிட்ட பின் ஆகிட்டார். கேமரா கேலரிக்குத் திரும்புது. அவரோட அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழட்டி கையாலேயே உடைக்கிறாங்க. மல்யுத்தம்னா என்னன்னே தெரியாதவங்ககூட அந்த க்ளிப்பைப் பார்த்தாங்க. அது சோகத்தைக் காசாக்குறது இல்லை. அந்த ஏழு நிமிஷத்துக்குப் பின்னாடி எத்தனை வருஷம் இருக்குன்னு காட்டுறது. இதை க்ளிப்பா பார்த்தவனை அடுத்த வெள்ளிக்கிழமை முழு மேட்ச் பார்க்க வைக்கணும். அதுக்கு மேட்ச் எந்த நாள், எந்த சேனல்ங்கிறது அவனுக்குத் தெரியணும். ஒரு மேட்ச் கேபிள்ல, இன்னொண்ணு தனிச் சந்தா கட்டுற ஆப்லன்னு சிதறிக் கிடந்தா பக்தன் மட்டும்தான் தேடிப் போவான்.

அப்புறம், பெண்கள்! 2025 ஜனவரியில் பெண்கள் மல்யுத்தத்தை என்.சி.ஏ.ஏ. தன்னோட 91-வது சாம்பியன்ஷிப் விளையாட்டா ஏத்துக்கிச்சு. முதல் போட்டி 2026-லன்னும் முடிவாச்சு. புது ஆட்டம், புது முகங்கள், எல்லா அணியும் கிட்டத்தட்ட ஒரே ஸ்டார்ட்டிங் பாயின்ட்டில். டி.வி.க்கு இதைவிட நல்ல கதை எங்கே கிடைக்கும்?

புகை போட வேண்டாம்

‘ஏம்ப்பா, பேசாம டபிள்யு.டபிள்யு.இ. மாதிரியே ஆக்கிட்டா?’ன்னு கேட்பீங்க. வேண்டாம் பாஸ். அங்கே யார் ஜெயிக்கணும்னு எழுதி வெச்சிருக்காங்க. இங்கே எழுதலை. அதுதான் இவங்ககிட்ட இருக்கிற ஒரே சரக்கு, அதை அடகு வெக்கக் கூடாது.

2025 மார்ச், ஃபிலடெல்ஃபியா. ஹெவிவெயிட் ஃபைனல். ஒரு பக்கம் கேபிள் ஸ்டீவ்சன். டோக்கியோ ஒலிம்பிக்ஸ் தங்கம். 2019-க்கு அப்புறம் காலேஜ் மேட்டில் தோல்வியே பார்க்காதவர். இன்னொரு பக்கம் வயட் ஹெண்ட்ரிக்சன், ஏர்ஃபோர்ஸ் அகாடமியில் படிச்சு ஓக்லஹோமா ஸ்டேட்டுக்கு வந்தவர். கடைசி அரை நிமிஷத்தில் பின்தங்கி இருக்கார். தேவை, ஒரே ஒரு டேக் டவுன். பாய்ஞ்சார், காலைப் பிடிச்சார், சாய்ச்சார். மூணு பாயின்ட்! 5-4. ஒலிம்பிக் சாம்பியன் அவுட். எந்த ரைட்டரும் இப்படி எழுதியிருக்க மாட்டார். எழுதியிருந்தா ‘நம்புற மாதிரி இல்லையே’ன்னு நாமே கிண்டல் அடிச்சிருப்போம்.

சரக்கு இருக்கு. கடை போர்டைத்தான் யாரும் படிக்கிற மாதிரி எழுதலை. அதை எழுதினா பொழைக்கப்போறது ஒரு டி.வி. ப்ரோகிராம் மட்டும் இல்லை. ‘அடுத்த வருஷம் நம்ம டீம் இருக்குமா?’ன்னு தெரியாமலேயே காலை அஞ்சு மணிக்கு எழுந்து மேட்டைத் துடைக்கிற நம்ம வயசுப் பசங்களும், பொண்ணுங்களும்தான்.

உங்களுக்கு ஒரு ஹோம்வொர்க். உங்க காலேஜ்ல காலியான கேலரிக்கு முன்னாடி ஆடுற டீம் ஒண்ணு கண்டிப்பா இருக்கும். கோ-கோ, கபடி, ஜூடோ, எதுவா வேணா இருக்கட்டும். பக்கத்தில் இருக்கிறவனுக்கு அதோட ரூல்ஸை முப்பதே செகண்டில் சொல்லி, ‘இப்போ நம்ம டீமுக்கு என்ன தேவை தெரியுமா?’ன்னு கேட்டுப் பாருங்க. அவன் செல்போனை பாக்கெட்டில் வெச்சுட்டா, நீங்க பாஸ்!